பொறியியல் மாணவரும் முதல் உத்தியோகமும்

கல்லூரிகளில் நான்காம் ஆண்டு வகுப்புகள் தொடங்கியவுடன், வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரே பேச்சுத்தான் நிகழ்கிறது. பொறியியல் பயிலும் மகனுக்கோ மகளுக்கோ உத்தியோகம் எங்கே, எப்பொழுது, எவ்வாறு கிடைக்கும் என்பதே அப்பேச்சு. கோயிலிலும், சங்கத்துக் கூட்டத்திலும், கலியாண வீட்டுப் பந்தியிலும் பெற்றோர் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. கேட்பவருக்கும் கவலை, பதில் சொல்பவருக்கும் கவலை.

நம்மில் பலர் இம்மாநிலங்களுக்கு வந்து குடியேறியதே உத்தியோகத்தின் பொருட்டன்றோ? 1959-ஆம் ஆண்டில் பிலாயிலும் ரூர்கேலாவிலும் உருக்காலைகளின் முதல் ஊதுலைகள் எரியத் தொடங்கின. அக்காலத்தில் பொறியாளர் சிலர். அவர்களுக்கு இருந்த வேலைகளோ பல. இன்றைய நிலை வேறு. பட்டம் பெறுவோர் பெருகிவிட்டனர். வேலையும் இல்லாமற் போகவில்லை, ஆனால் அதற்குச் செல்லும் வழிகள் பலவாகப் பிரிந்துவிட்டன. அவ்வழிகளை முன்கூட்டியே அறிந்துகொள்ளாதவர், தகுதி இருந்தும் பின்தங்கிப் போகின்றனர்.

நாம் பொறியியல் கற்றவர்கள் அல்லர். கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்புத் தொழில் புரிபவர்கள். ஆயினும் ஆள்தேர்வு அறிவிப்புகள், விண்ணப்பப் படிவங்கள், விதிகள், சான்றிதழ்கள் ஆகியவை நாள்தோறும் நம் மேசைக்கு வருகின்றன. மாணவர்கள் எங்கே இடறி விழுகின்றனர் என்பது அவற்றின் வாயிலாக நமக்கு ஓரளவு புலப்படுகிறது. அவ்வளவில் நின்று சில செய்திகளை இங்கே கூற முற்படுகிறோம்.

முதல் உத்தியோகத்துக்கு மூன்று வாயில்கள் உண்டு. முதலாவது, கல்லூரி வளாகத்திலேயே நடைபெறும் தேர்வு. இரண்டாவது, அரசும் பொதுத்துறையும் நடத்தும் போட்டித் தேர்வு. மூன்றாவது, தொழில் பழகுநர் பயிற்சி. மாணவர் பலர் முதல் வாயிலையே ஒரே வாயில் என்று எண்ணி, அது அடைபட்டவுடன் மனம் தளர்ந்துவிடுகின்றனர். அவ்வாறு எண்ணுதல் தவறு.

வளாகத் தேர்வு பெரும்பாலும் நான்காம் ஆண்டின் தொடக்கத்திலேயே ஆரம்பமாகிறது. முதலில் கணக்கு, தருக்கம், ஆங்கிலம் ஆகியவற்றில் எழுத்துத் தேர்வு நடைபெறும். கணினி நிறுவனமாயின் நிரல் எழுதும் தேர்வும் உண்டு. அதன்பின் சில இடங்களில் குழு விவாதம். பிறகு பாட சம்பந்தமான நேர்காணல். இறுதியாக மனிதவள அதிகாரியுடன் உரையாடல். இவற்றுக்கெல்லாம் முன்னே ஒரு சல்லடை இருக்கிறது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப் படிப்பு ஆகிய மூன்றிலும் அறுபது விழுக்காடு வேண்டும் என்றும், நிலுவைத் தாள் ஒன்றும் இருத்தல் கூடாது என்றும் பல நிறுவனங்கள் விதிக்கின்றன. மாணவர் ‘அரியர்’ என்று அலட்சியமாகச் சொல்லிக் கடந்துபோகும் ஒரு தாள், நேர்காணல் அறையின் கதவுக்கு வெளியிலேயே அவரை நிறுத்திவிடக்கூடும். ஆதலின் வேலை தேடுதல் நான்காம் ஆண்டில் அன்று, முதலாண்டு மதிப்பெண்ணிலேயே தொடங்கிவிடுகிறது என்று கொள்வது நலம்.

இரண்டாம் வாயிலாகிய போட்டித் தேர்வுகளுள் தலையாயது மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் பொறியியல் பணிகள் தேர்வு. சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல், எலெக்ட்ரானிக்ஸ் மற்றும் தொலைத்தொடர்பு என்னும் நான்கு பிரிவுகளில் இது நடைபெறுகிறது. முதனிலைத் தேர்வுக்கு 500 மதிப்பெண், முதன்மைத் தேர்வுக்கு 600, ஆளுமைத் தேர்வுக்கு 200. ஆக மொத்தம் 1300. வயது 21 நிறைந்து 30 நிறையாதிருத்தல் வேண்டும். விதிப்படி சில பிரிவினருக்கு வயதுத் தளர்வு உண்டு. விண்ணப்பக் கட்டணம் 200 ரூபாய்; மகளிர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு அதுவும் இல்லை. இறுதியாண்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம் என்பதைப் பலர் அறியார். இராணுவப் பொறியாளர் பணி, எல்லைச் சாலைப் பணி, மத்திய நீர்ப் பொறியியல் பணி முதலியவற்றுக்கு இத்தேர்வே வழி.

அடுத்தது ‘கேட்’ எனப்படும் பொறியியல் தகுதித் தேர்வு. பெங்களூரு இந்திய அறிவியற் கழகமும் ஏழு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இதனை முறைவைத்து நடத்துகின்றன. மூன்று மணி நேரம், 65 வினாக்கள், 100 மதிப்பெண். மேற்படிப்புக்கான தேர்வு என்று மட்டுமே இதனைக் கருதலாகாது. பொதுத்துறை நிறுவனங்கள் பல, இத்தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டே நேர்காணலுக்கு ஆட்களை அழைத்துவந்துள்ளன. மூன்றாம் ஆண்டு மாணவரும் இதனை எழுதலாம். முடிவு வெளியான நாளிலிருந்து மூன்றாண்டுகளுக்கு மதிப்பெண் செல்லும். ஆயினும், குறிப்பிட்ட ஓர் ஆண்டின் மதிப்பெண்ணையே ஏற்போம் என்று நிறுவனங்கள் அறிவிப்பில் சொல்வது வழக்கம். அவ்வரியைப் படியாமல் பழைய மதிப்பெண்ணை நம்பியிருந்தவர்கள் ஏமாந்ததுண்டு.

இவையன்றி, பணியாளர் தேர்வு ஆணையமும் இரயில்வே ஆள்தேர்வு வாரியங்களும் இளநிலைப் பொறியாளர் பதவிகளுக்குத் தேர்வு நடத்துகின்றன. பட்டயப் படிப்பு முடித்தோருக்கும் இவை உரியவை. ‘பட்டதாரி இளநிலைப் பதவிக்குச் செல்வதா?’ என்று சிலர் தயங்குகின்றனர். தொழிலில் கால் ஊன்ற ஓரிடம் கிடைக்குமாயின், அங்கே நின்றுகொண்டு மேலே எட்டிப் பிடிப்பது எளிது என்பதே நமது அபிப்பிராயம்.

மூன்றாம் வாயிலைப் பற்றி நம் மக்கள் மிகக் குறைவாகவே அறிந்திருக்கின்றனர். தொழில் பழகுநர் சட்டம் 1961-இல் இயற்றப்பட்டது. பொறியியல் பட்டதாரிகளும் பட்டயதாரிகளும் 1973-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அதனுள் சேர்க்கப்பட்டனர். சென்னை, மும்பை, கான்பூர், கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களிலுள்ள பயிற்சி வாரியங்கள் நாட்டின் நான்கு பகுதிகளையும் கவனித்துக்கொள்கின்றன. பயிற்சிக் காலம் பொதுவாக ஓராண்டு. மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. அதில் ஒரு பகுதியை மத்திய அரசு ஏற்கிறது. ஓராண்டு முடிந்தபின் அந்நிறுவனமே வேலை தரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனினும் பட்டறையிலும் களத்திலும் ஓராண்டு நின்ற கை, வெறுங்கை அன்று. ‘அனுபவம் உண்டா?’ என்ற கேள்விக்கு அந்தச் சான்றிதழ் விடையாகிறது.

தொழிலாளர் அமைச்சகம் 2015-இல் தொடங்கிய தேசிய வேலைவாய்ப்புச் சேவையின் இணையதளத்திலும் மாணவர் தம் பெயரைப் பதிந்துகொள்ளலாம், கட்டணம் இல்லை. 1976 முதல் வெளிவரும் மத்திய அரசின் வேலைவாய்ப்புச் செய்தி வார இதழ் ஆங்கிலம், இந்தி, உருது ஆகிய மொழிகளில் கிடைக்கிறது. வாரம் ஒருமுறை அதனைப் புரட்டுவதற்கு அரை மணி நேரம் போதும்.

இதுகாறும் கூறியவை எல்லா மாணவர்க்கும் பொதுவானவை. வெளிமாநிலத் தமிழ்ப் பிள்ளைகளுக்கே உரிய இடர்கள் சில உண்டு. அவற்றைச் சற்று விரிவாகக் கூறுவோம்.

முதல் இடர் பெயர். நம்மவர் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன்னே இட்டுக்கொள்வர். இங்குள்ள படிவங்களோ முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரு கட்டங்களைக் காட்டி நிரப்பச் சொல்கின்றன. பள்ளியில் ஒருவாறு, கல்லூரியில் வேறொருவாறு, ஆதாரில் இன்னொருவாறு என்று ஒரே பிள்ளை மூன்று பெயர்களைச் சுமந்து நிற்கிறது. ஊரில் வட்டாட்சியர் தமிழில் கொடுத்த சான்றிதழ் நான்காவது. ‘ழ’ என்னும் எழுத்தை ஆங்கிலத்தில் ஒருவர் ‘இசட்’டும் ‘எச்’சும் சேர்த்து எழுதுவார், மற்றொருவர் ‘எல்’ என்று எழுதிவிடுவார்.

இதனால் நேர்ந்த ஒன்றை நாம் மறைக்காமல் கூறவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் குடியிருப்பில் வாழும் அன்பர் ஒருவர், தம் மகனின் சாதிச் சான்றிதழை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தருமாறு கேட்டார். பையன் ஓர் எழுத்துத் தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைக்கப்பட்டிருந்தான். நாமும் அன்றிரவே மொழிபெயர்த்துக் கொடுத்தோம். தந்தையின் பெயரிலுள்ள ‘ழ’கரத்தை, கற்றவர் எழுதும் முறைப்படி எழுதினோம். பையனின் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அது ‘எல்’ என்று இருந்தது. அதனைக் கொண்டுவரச் சொல்லிப் பார்க்கவேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. சரிபார்த்த அதிகாரி இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்து, தந்தை ஒருவர்தாமா இருவரா என்று கேட்டார். முப்பது நாள் தவணை கொடுத்தார்.

“சார், வேலை கிடைத்துவிட்டது என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டேனே” என்று அந்தத் தந்தை நம் வாசலில் வந்து நின்றது இன்னும் கண்முன் இருக்கிறது. தந்தையும் மகனும் ஊருக்கு ஓடினர். வட்டாட்சியர் அலுவலகத்தில் காத்துக் கிடந்தனர். இருவேறு எழுத்துகளும் ஒருவரையே குறிக்கும் என்ற சான்று பெற்று, இருபத்தெட்டாம் நாள் அலுவலகத்தில் சேர்த்தனர். வேலை கிடைத்தது. ஆனால் அந்த இருபத்தெட்டு நாட்களும் அவ்வீட்டில் அடுப்பு எரிந்ததே தவிர, யாரும் வயிறார உண்டதாக நாம் அறியோம். அதுமுதல், யார் எச்சான்றிதழைக் கொண்டுவந்தாலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் உடன் கேட்டு வாங்கிப் பார்ப்பதை நாம் வழக்கமாகக் கொண்டோம்.

ஆதலின், மூன்றாம் ஆண்டிலேயே எல்லாச் சான்றிதழ்களையும் ஒரு மேசைமேல் பரப்பி, ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே மற்றவற்றைத் திருத்திக்கொள்வது எளிய வழி. பெயரை மாற்றியே ஆகவேண்டுமாயின், உறுதிமொழிப் பத்திரம், நாளிதழ் விளம்பரம், அரசிதழ் வெளியீடு என்று படிப்படியாகச் செல்லவேண்டியிருக்கும். அதற்கு மாதங்கள் பிடிக்கும். தமிழிலுள்ள சான்றிதழுக்கு ஆங்கில அல்லது இந்தி மொழிபெயர்ப்பையும் முன்னரே ஆயத்தமாக வைத்திருங்கள்.

இரண்டாம் இடர் இடஒதுக்கீடு பற்றியது. சொந்த மாநிலத்திலிருந்து வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும், குடியேறிய மாநிலத்தில் அம்மாநில அரசின் ஒதுக்கீட்டைக் கோர இயலாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இலும் 1994-இலும் தீர்ப்பளித்தது; 2018-இல் அதனை மீண்டும் உறுதிசெய்தது. எனினும், டில்லி தேசியத் தலைநகர்ப் பகுதியின் பணிகளில் அகில இந்திய முறையே செல்லும் என்றும் அந்த 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்புக் கூறிற்று. மத்திய அரசுப் பணிகளில் இத்தடை இல்லை. சொந்த மாநிலத்தைச் சார்ந்த சான்றிதழ் அங்கே செல்லும். பிற்படுத்தப்பட்டோரின் மத்தியப் பட்டியலும் மாநிலவாரியாகவே அமைந்துள்ளது. ஆதலின் தமிழ்நாட்டுப் பட்டியலில் தம் வகுப்பு உள்ளதா என்று பார்த்து, மத்திய அரசின் படிவத்திலேயே சான்றிதழ் பெறவேண்டும். மாநில அரசின் படிவத்தில் பெற்றதைக் கொண்டுவந்து நீட்டித் திரும்பியவர் பலர். வளமான பிரிவைச் சேராதவர் என்னும் சான்று எந்தத் தேதிக்குட்பட்டதாக இருக்கவேண்டும் என்பதையும் ஒவ்வோர் அறிவிப்பிலும் கவனியுங்கள்.

மூன்றாம் இடர் மொழி. குடியேறிய மாநிலத்தின் அரசுப் பணிக்கு அம்மாநில மொழியறிவும், பல இடங்களில் இருப்பிடச் சான்றும் வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பணிக்குத் திரும்ப எண்ணுவோரோ வேறொன்றை அறிதல் வேண்டும். 2021 டிசம்பரில் பிறந்த அரசாணைப்படி, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளில் தமிழ்மொழித் தகுதித் தாள் கட்டாயமாயிற்று. பத்தாம் வகுப்புத் தரத்திலான அத்தாளில் குறைந்தது 40 விழுக்காடு பெற்றாலன்றி மற்றத் தாளைத் திருத்தமாட்டார்கள். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் இந்தியோ மராத்தியோ படித்த பிள்ளைகள் பலர் உளர். அவர்களுக்குத் தமிழ் எழுதக் கற்பிப்பது பண்பாட்டுக் கடமை மட்டுமன்று. ஒரு கதவின் சாவியுமாகும்.

இனி நேர்காணலைப் பற்றிச் சில சொற்கள். தன்விவரக் குறிப்பு ஒரு பக்கத்துக்குள் அடங்குவது நன்று. இறுதியாண்டுத் திட்டப்பணியில் தாம் தம் கையால் செய்த பகுதி எது என்பதை மாணவர் தெளிவாக எழுதவேண்டும். நால்வர் சேர்ந்து செய்ததைத் தனியொருவர் சாதனையாகக் காட்டினால், இரண்டாம் கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும். தெரியாததைத் தெரியாது என்று பணிவாகச் சொல்லி, தெரிந்ததை அடிப்படையிலிருந்து விளக்குபவரையே தேர்வாளர் விரும்புகின்றனர். ஆங்கிலம் அலங்காரமாக இருக்கவேண்டுவதில்லை. பிழையின்றி, கேட்பவர் காதில் தெளிவாக விழுந்தால் போதும். வெளிமாநிலத்தில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு மூன்று மொழிகள் கைவருவது இயல்பு. அதனைக் குறிப்பில் எழுத மறந்துவிடுகின்றனர். நாட்டின் எப்பகுதியிலும் பணியாற்ற வல்லவர் என்பதற்கு அதுவே சான்றன்றோ!

வேலை கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்தபின்னும் கவனம் தளரலாகாது. வேலை தருவதாகக் கூறும் கடிதம் வேறு. நியமன ஆணை வேறு. சேரும் தேதி குறிப்பிடப்படாத கடிதத்தை நம்பி மற்ற முயற்சிகளைக் கைவிடுதல் தகாது. ஆண்டுக்கு 6 லட்சம் என்று கண்டவுடன் மாதம் 50,000 ரூபாய் கையில் கிடைக்கும் என்று வகுத்துப் பார்ப்பதும் பிழை. அத்தொகை நிறுவனம் ஒருவருக்காகச் செய்யும் மொத்தச் செலவு. தொழிலாளியும் முதலாளியும் பொதுவாக அடிப்படைச் சம்பளத்தில் 12 விழுக்காடு வீதம் செலுத்தும் சேமநிதி, பணிக்கொடை, காப்பீடு, வேலைத்திறனைப் பொறுத்த ஊக்கத்தொகை ஆகியவையும் அதனுள் அடங்கியிருக்கக்கூடும். கைக்கு வருவது எவ்வளவு என்று கேட்டறிவதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

சில நிறுவனங்கள், இத்தனை ஆண்டு பணியாற்றவேண்டும், இடையில் விலகினால் இவ்வளவு தொகை செலுத்தவேண்டும் என்று பத்திரம் எழுதி வாங்குகின்றன. ‘இதெல்லாம் செல்லாது’ என்று நண்பர் சொல்வதைக் கேட்டுப் படியாமல் கையொப்பம் இடாதீர்கள். ஒரு பொதுத்துறை வங்கியின் மூன்றாண்டு ஒப்பந்தத்தை 2025-இல் உச்ச நீதிமன்றம் செல்லுபடியாகும் என்றே தீர்ப்பளித்தது. மூலச் சான்றிதழ்களைச் சரிபார்ப்பதற்குக் காட்டலாம். யாரிடமும் ஒப்படைத்துவிட்டு வரலாகாது.

வேலைக்கு முன்பணம் கேட்பவர் எவராயினும் ஐயத்துக்குரியவரே. திருப்பித் தரப்படும் வைப்புத்தொகை, மடிக்கணினிக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று பெயர்கள் மாறலாம், சூழ்ச்சி ஒன்றே. பணம் இழந்தவர் காலம் தாழ்த்தாமல் 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்கவேண்டும். வெளிநாட்டு வேலையாயின், 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற முகவர்தாமா என்று அரசின் இணையதளத்தில் பார்த்தபின்னரே மேற்கொண்டு பேசுங்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைக்கப்பட்டு, மியான்மருக்குள் கடத்தப்பட்டு, மோசடி வேலை செய்யுமாறு வருத்தப்பட்ட இந்திய இளைஞர்கள் 2022-இல் மீட்கப்பட்டனர். அவர்களுள் தமிழ்நாட்டினரும் இருந்தனர். படித்தவர் ஏமாறார் என்பது உண்மையன்று. வேலைக்கு அவசரப்படும் படித்தவரே இவ்வலையில் எளிதில் விழுகின்றனர்.

இறுதியாகப் பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். பட்டம் பெற்ற ஆண்டிலேயே வேலை கிடைக்காத பிள்ளையைக் குற்றவாளியைப்போல் நடத்தாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சம்பளத்தைச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துரைக்காதீர்கள். அப்பிள்ளைக்கு ஓராண்டு என்று ஒரு கால எல்லையை இருவரும் அமர்ந்து பேசி வகுத்துக்கொள்ளுங்கள். அவ்வோராண்டில் எழுதவேண்டிய தேர்வுகள் எவை, பயிற்சிக்கு எப்பொழுது விண்ணப்பிப்பது, சான்றிதழ்களில் எது குறைவு என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும் என்பார்கள் நம் பெரியோர். அணை போடும் வேலையில் பிள்ளைக்குத் துணையாக நில்லுங்கள்.

இன்றிரவு சாப்பாடு முடிந்ததும், அலமாரியிலுள்ள அந்தச் சான்றிதழ்ப் பையை எடுத்துப் பிரியுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழை மேலே வைத்து, மற்றவற்றை ஒவ்வொன்றாக அதனோடு ஒப்பிடுங்கள். எழுத்து எல்லாம் ஒத்திருந்தால் நிம்மதியாக உறங்கலாம். ஒத்திராவிடில், திருத்திக்கொள்வதற்கு இன்னும் நாள் இருக்கிறது.